ஐந்து வோல்ட்டுக்கும் மூன்று வோல்ட்டுக்கும் நடுவில்

தங்கச்சிமடம்
11.6.2007

கீழக்கரை சாலிஹாவுக்கு,

சேதுலட்சுமி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போன வாரம் செல்லில் கூப்பிட்டேன். "யாரு?" என்றாய், "சேது" என்றேன், உடனே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் அச்சடித்த எதையும் எழுதிய எதையும் படிக்காமல் விடுகிற ஆள் இல்லை நீ. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு பொருள் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த புராஜெக்டுக்காக நீ காக்கா என்று கூப்பிடும் உன் அண்ணன் துபாயிலிருந்து காற்றழுத்தச் சென்சார் இரண்டு அனுப்பினார். ஒன்று டெமோ அன்று எக்ஸாமினர் கண் முன்னால் செத்தது. இன்னொன்று உன் அலமாரியில், பஞ்சில் சுற்றி, மருந்து டப்பாவில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுவிட்டேன், அங்கே கிடைக்கவில்லை.

எதற்கென்று கேட்பாய். அதே பெட்டிதான். கடலுக்குப் போகும் வல்லத்தில் கட்டி வைத்தால் காற்றழுத்தம் இறங்குவதைப் பார்த்து, புயல் வருகிறது என்று சைரன் ஊதும் பெட்டி. நீ அதை மார்க்குக்காகச் செய்தாய். எனக்கு இப்போது வேறு கணக்கு இருக்கிறது. போன வருஷம் கார்த்திகையில் என் அய்யாவும் சோணைமுத்து மாமாவும் ஒரே வல்லத்தில் போனார்கள். ரேடியோவில் எச்சரிக்கை சொன்னபோது அவர்கள் கடலுக்குள் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அய்யாவை மட்டும் மறுநாள் வேறு வல்லத்துக்காரர்கள் உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிவி, வயர்லெஸ் செட், ஜிபிஎஸ் எல்லாம் பார்க்கிறேன். நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் கூத்தையாவிடம் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சங்க ஆபீசில் ஒரு கம்பெனி இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார், தன் கம்பெனி செட்டை விற்க வந்தவர். நான் வரைந்த சர்க்யூட் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "கடிகாரச் சிப்பும் மெமரி சிப்பும் அஞ்சு வோல்ட். சென்சார் மூணு புள்ளி மூணு. எல்லாத்தையும் ஒரே ரெண்டு கம்பில கட்டுனா சென்சார் போயிரும். ரிப்பேர் கடை வேலை வேற, டிசைன் வேறம்மா" என்றார். அத்தனை ஆம்பளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஐப்பசி ஒண்ணாந் தேதி வாங்க. இதே ரெண்டு கம்பில, இதே கடற்கரையில, எஞ்சினை ஓட்டிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கமாட்டேன். சென்சாரை அனுப்பு.

சேதுலட்சுமி

*

786

கீழக்கரை
19.6.2007

சேதுலட்சுமிக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். நீ சொன்னபடியே கிழிக்கவில்லை.

உன் மாமாவுக்கு இப்படி ஆனது எனக்குத் தெரியாது. பாலிடெக்னிக்கில் சனிக்கிழமை தோறும் உனக்குப் பொரித்த மீன் கொண்டுவந்து கேட்டில் நிற்பாரே, அவர்தானே? மனசு கஷ்டமாக இருக்கிறது. உம்மாவிடம் சொன்னேன், உம்மாவும் துஆ செய்தார்கள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தர முடியாது.

முதல் சென்சாரைக் கொன்ற கையிலேயே இரண்டாவதையும் எப்படிக் கொடுப்பேன்? என் படத்தில் கம்பி இரண்டையும் மேலே இழுக்கிற ரெசிஸ்டர்களின் தலை மூன்று வோல்ட்டில் கட்ட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன். நீ ஐந்தில் கட்டினாய். கட்டிவிட்டு இல்லை என்று சாதித்தாய். எக்ஸாமினர், "வயரிங் செய்தது யார்?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். அதில் என்ன பொய்? வயரிங் செய்தது நீதானே? உன்னை அவர் ஃபெயில் போடுவார் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? ஆறு மாசத்தில் மறுபடி எழுதியிருக்கலாம். "பண்ணாத தப்புக்கு நான் ஏன் மறுபடி எழுதணும்?" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனது நீ. என் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. பத்திரிகையை நானே பாம்பன் வரைக்கும் வந்து உன் அத்தை கையில் கொடுத்தேன்.

நான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டில்தான் இருக்கிறேன், மச்சான் துபாயில். மாடி அறையில் ஒரு மேஜை, சால்டரிங் அயர்ன், மீட்டர். தெருவில் எல்லார் வீட்டிலும் வெளிநாட்டுச் சாமான், பாதிக்கு மேல் நம் ஊர்க் கரண்டுக்கு ஒத்துவராதவை. எல்லாம் என் மேஜைக்குத்தான் வருகின்றன. யாரிடமும் நான் அனுமதி கேட்டு வைத்த மேஜை இல்லை அது.

சென்சார் வேண்டுமானால் முதலில் இதற்குப் பதில் எழுது: இரண்டு கம்பியில் ஒரு சிப் எப்படிப் பேசுகிறது? சென்சார் ஏன் செத்தது? புத்தகத்தைப் பார்க்காமல் எழுது.

சாலிஹா

*

தங்கச்சிமடம்
30.6.2007

சாலிஹா டீச்சருக்கு,

பரீட்சை வைக்கிறாயா? வை. இங்கே கச்சான் காற்று அள்ளிக்கொண்டு அடிக்கிறது, வல்லங்கள் கரையில் கிடக்கின்றன, கடையிலும் ஈ ஓட்டுகிறேன். பதில் எழுத நேரம் நிறைய இருக்கிறது.

அந்த இரண்டு கம்பியில் எந்தச் சிப்பும் கம்பியை மேலே தள்ளுவதே இல்லை. பேச வேண்டுமானால் கம்பியைக் கீழே இழுக்கும், பேசி முடித்தால் விட்டுவிடும். விட்டதும் ரெசிஸ்டர் கம்பியை மேலே தூக்கும். எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்பது ரெசிஸ்டரின் தலையை எதில் கட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐந்தில் கட்டினால் ஐந்து, மூன்றில் கட்டினால் மூன்று. ஆகையால் மூன்றில் கட்டிவிட்டால் சென்சாருக்கு ஆபத்தில்லை. அந்த இன்ஜினியருக்குத் தெரியாதது இது. போதுமா? மார்க் போடு.

சென்சார் ஏன் செத்தது என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் மூன்றில்தான் கட்டினேன். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கு என் நெற்றியில் காசு வைத்துப் படுக்கப் போட்டால் அப்போதும் எழுந்து சொல்வேன்.

அந்தப் போர்டை நான் தூக்கிப் போடவில்லை. மூன்று வருஷமாக டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கிறது. இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். ஒன்றையும் தொடவில்லை, தூசி கூடத் துடைக்கவில்லை. என் சால்டரிங் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்று விரலால் தொட்டுப் பார். பார்த்த பிறகும் அது ஐந்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் நான் கடையை மூடிவிட்டுப் பாசி பொறுக்கப் போகிறேன்.

உன் கல்யாணத்தன்று ராமநாதபுரம் வரை வந்தேன். கீழக்கரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். பிறகு உன் விரல் ஞாபகம் வந்தது, இறங்கிவிட்டேன். எக்ஸாமினர் கேட்டதும் ஒரு நொடி கூட யோசிக்காமல் நீட்டினாயே, அந்த விரல்.

சேது

*

786

கீழக்கரை
12.7.2007

சேதுவுக்கு,

பார்சல் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாளே பார்த்துவிட்டேன். அதை எழுதத்தான் மீதி மூன்று நாள் ஆனது.

உன் ரெசிஸ்டர் இரண்டும் மூன்றில்தான் இருக்கின்றன. சால்டரிங் இன்னும் பளபள என்று இருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை.

ஆனாலும் கரண்ட் கொடுத்து மீட்டரை வைத்தால் கம்பியில் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மூன்றில் கட்டிய கம்பியில் நாலு எங்கிருந்து வரும்? ஒவ்வொரு சிப்பாகக் கழற்றிப் பார்த்தேன். கடிகாரத்தைக் கழற்றியதும் கம்பி மூன்றுக்கு இறங்கியது. மாட்டினால் ஏறியது. கடிகாரச் சிப்பை நாம் தனியாக வாங்கவில்லை, சின்னப் போர்டில் பொருத்தியே வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? அதில் பட்டன் பேட்டரி உட்காரும் கூட்டைப் பெயர்த்து எடுத்தேன். அடியில் எள்ளளவு ரெசிஸ்டர் இரண்டு. தலை ஐந்தில். போர்டு செய்தவனே கட்டி வைத்திருக்கிறான். நீ கீழிருந்து மூன்றுக்குப் பிடித்திருக்கிறாய், அது மேலிருந்து ஐந்துக்கு இழுத்திருக்கிறது, கம்பி நடுவில் நின்றிருக்கிறது. சென்சார் நம் மேஜையில் இரண்டு நாள் தாக்குப்பிடித்து, மூன்றாம் நாள் டெமோவில் செத்திருக்கிறது.

அந்தக் கடிகாரப் போர்டைச் சென்னையில் வாங்கியது நான். வாப்பாவுடன் போய், நாலு கடை ஏறி இறங்கி, "இதுதான் நல்லது" என்று நானே பொறுக்கி எடுத்தது. பேட்டரியை ஒரு தடவை தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

இப்போது நீ என்ன எதிர்பார்க்கிறாய் என்று தெரியும். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுத வேண்டும். எழுதமாட்டேன். எழுதினால் உன் மூன்று வருஷம் திரும்பி வருமா? அதற்குப் பதில் மருந்து டப்பாவை அனுப்புகிறேன். பஞ்சோடு இருக்கிறது. உலகத்தில் எனக்குத் தெரிந்து நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான். கடிகாரப் போர்டில் அந்த இரண்டு ரெசிஸ்டரையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். அதையும் அனுப்புகிறேன். என் படத்தில் உள்ளபடியே கட்டு, எல்லாம் மூன்றில் ஓடும். படம் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

சாலிஹா

*

தங்கச்சிமடம்
20.8.2007

சாலிஹாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைக்காதே. ஆத்திரத்தில். எள்ளளவு ரெசிஸ்டர் இரண்டுக்காகவா நான் டிப்ளமோ இல்லாமல் நிற்கிறேன்? அதைக் கண்டுபிடித்தவள், "மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன்" என்று ராணி மாதிரி எழுதுகிறாள். இருக்கட்டும். நானும் கேட்டு வாங்கப் போவதில்லை.

இப்போது உன் ராணித்தனத்துக்கு ஒரு செய்தி. உன் படம் தப்பு.

நீ சொன்னபடியே கட்டினேன். மேஜையில் இருபது நாள் ஒரு தடங்கலும் இல்லை. சென்சார் உயிரோடு இருந்தது, கடிகாரம் பேசியது, மெமரி எழுதியது. ஆடி கழிந்ததும் அய்யா வல்லத்தில் கட்டினேன். எஞ்சினைப் போட்டதும் மெமரி செவிடாகிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. எஞ்சினை அணைத்தால் பேசுகிறது. நினைவு இல்லாத பெட்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று எப்படித் தெரியும்? சைரன் ஊதவே ஊதாது.

மெமரி சிப்பின் விவரத் தாளை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஐந்து வோல்ட்டில் ஓடும் அந்தச் சிப்புக்குக் கம்பி மூன்றரைக்கு மேல் எழுந்தால்தான் எழுந்த மாதிரி. நாம் கொடுப்பது மூன்று புள்ளி மூன்று. கடிகாரத்துக்கு இரண்டே கால் போதும், அதனால் அது தகராறு பண்ணவில்லை. மெமரி, கரையில் ஏதோ நம் முகத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. கடலில் எஞ்சின் போடும் இரைச்சலில் அதற்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தச் சென்சார் சாகாமல் இருந்திருந்தாலும் நம் பெட்டி கடலில் தோற்றிருக்கும், சாலிஹா. சிவப்பு மை, இரண்டு அடிக்கோடு எல்லாம் சேர்ந்து தோற்றிருக்கும்.

விஷயம் கூத்தையா காதுக்குப் போய்விட்டது. "என்னத்தா, கரையில ஊதுற சங்கு கடல்ல ஊதாதாமே" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கிறார். இன்ஜினியர் மறுபடி வந்தார். "எல்லாத்தையும் மூணுக்கு இறக்கிரும்மா, வேற வழியில்ல" என்றார். இந்தக் கடிகாரச் சிப் மூன்றில் ஓடாது. என்னிடம் இருப்பது இதுதான். ஓடினாலும் இறக்கமாட்டேன். ஐந்தில் இருப்பது ஐந்தில் இருக்கட்டும், மூன்றில் இருப்பது மூன்றில் இருக்கட்டும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் பேச வேண்டும். அதற்கு வழி இருக்கிறது என்று என் மனசு சொல்கிறது. என்ன வழி என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. மன்னிப்புத் தாள் எனக்கு வேண்டாம். ஐப்பசி ஒன்றாம் தேதி தங்கச்சிமடம் கடற்கரைக்கு வா. நாலு பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்தாய், அதே போல நாலு பேருக்கு முன்னால் வந்து என் பக்கத்தில் நில்.

சேது

*

786

கீழக்கரை
2.9.2007

சேதுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று யாரிடமும் பேசவில்லை. "என்னம்மா, மச்சான் போன்ல ஏசிட்டாரா?" என்று உம்மா கேட்டார்கள். மச்சான் ஏசியிருந்தால் நானும் ஏசி முடித்திருப்பேன். தாளை எடுத்து நீ சொன்ன பக்கத்தைப் படித்தேன். மூன்றரை. அச்சில் இருக்கிறது. அதே தாள் மூன்று வருஷமாக என்னிடமும் இருக்கிறது.

என் படம் தப்பு. எழுதிவிட்டேன். இதைச் சட்டம் போட்டு உன் கடையில் மாட்டிக்கொள்.

தப்பான படத்தோடு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. பஜாரில் பிரவுசிங் சென்டருக்கு ஐந்து நாள் போனேன். "என்ன தங்கச்சி, பாஸ்போர்ட் விஷயமா?" என்று அந்த ஆள் தினமும் கேட்டார். சிப் செய்கிற கம்பெனி ஒன்று எழுதி வைத்திருந்த தாளில் வழி கிடைத்தது. பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். ஆங்கிலம் உனக்குப் பிடிக்காது என்பதால் நானே சொல்கிறேன்.

கம்பியை நடுவில் வெட்டிவிடு. ஒரு பாதி சென்சாருடையது, அதற்குத் தனி ரெசிஸ்டர், தலை மூன்றில். மறு பாதி கடிகாரத்துக்கும் மெமரிக்கும், அதற்குத் தனி ரெசிஸ்டர், தலை ஐந்தில். வெட்டிய இடத்தில் ஒரு மாஸ்ஃபெட். மூன்று கால் உள்ள சின்ன டிரான்சிஸ்டர்தான், இரண்டு கம்பிக்கு இரண்டு. கேட் கால் மூன்று வோல்ட்டில். சோர்ஸ் கால் சென்சார் பக்கம். டிரெய்ன் கால் ஐந்து வோல்ட் பக்கம். சும்மா இருக்கும்போது அது கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தப் பக்கம் மூன்றில் நிற்கும், அந்தப் பக்கம் ஐந்தில் நிற்கும், ஒன்றின் உயரம் மற்றதற்குத் தெரியவே தெரியாது. எந்தப் பக்கத்துச் சிப் கம்பியைக் கீழே இழுத்தாலும் கதவு திறந்து மறு பக்கமும் கூடவே கீழே வரும். பேச்சு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது அல்லவா? அவ்வளவுதான். யாரும் யாருக்காகவும் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

உன் மனசு சொன்னது சரி.

கடற்கரைக்கு வரமாட்டேன். காக்கா, "ஆம்பளைக் கூட்டத்துல போயி நிக்கிறதா?" என்று போனில் கத்தினார். அவருக்குப் பயந்து இல்லை, அவர் கத்துவதை நான் சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். என்னால் நிற்க முடியாது. நாலு பேர் பார்க்கும்போது ஒருவர் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு எக்ஸாமினர் கேட்டபோது வாயால் ஒன்றும் வரவில்லை. விரல்தான் வந்தது. "வயரிங் அவள், ஆனால் இருவரும் சேர்ந்துதான் செய்தோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பாதியைத்தான் விரல் சொன்னது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாலிஹா

*

தங்கச்சிமடம்
29.9.2007

சாலிஹா,

ஓடுகிறது! எஞ்சின் போட்டும் ஓடுகிறது! பதினொரு நாளாக அய்யா தினமும் வல்லத்தில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். மெமரி ஒரு தடவை கூட மக்கர் பண்ணவில்லை. அய்யா வந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கும் பேசுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் மீனை இறக்குகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை மாஸ்ஃபெட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். சோர்ஸ் போக வேண்டிய பக்கம் டிரெய்ன். கதவு சாத்தவே இல்லை, ஐந்து வோல்ட் உள்ளே ஒழுகிவிட்டது. நல்ல வேளையாகச் சென்சாரை மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலைத் தாண்டிக் காட்டியது. உடனே கரண்ட்டைப் பிடுங்கினேன். நீ பேட்டரியைத் தூக்கிப் பார்க்காதது மாதிரி நானும் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருப்பேன். அதனால் அந்தப் பழைய விஷயத்தில் உன்னை இனிமேல் பாதிதான் திட்டுவேன்.

இப்போது புதுச் சிக்கல். பெட்டி வேண்டுமானால் படத்தில் டிப்ளமோ படித்தவர் கையெழுத்து வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். இன்ஜினியர்தான் எடுத்துக் கொடுத்திருப்பார். கூத்தையா ரகசியமாகக் கூப்பிட்டு, "ஒன் கூட்டாளி பேரைப் போட்டுருத்தா. சாலிஹா, டி.இ.சி.இ.ன்னு போட்டா முடிஞ்சுது. ஒன் பேரு எதுக்கு?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப பெட்டியும் முடியாது" என்றார். "அதை ஐப்பசி ஒண்ணாந் தேதி பாப்போம்" என்றேன். பெட்டி மேல் பெயிண்டில் இரண்டு பேர் பெயரும் எழுதிவிட்டேன். ஒன்றை அழிக்கச் சொன்னால் இரண்டையும் அழித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். சோணைமுத்து மாமா மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். ஒட்டிக்கொள்ளட்டும். உன்னைப் பேசச் சொல்லி நான் கூப்பிடவில்லை, நிற்கத்தான் சொன்னேன்.

நோன்புக் கஞ்சி எப்படிப் போகிறது? உம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சேது

*

786

கீழக்கரை
8.10.2007

சேதுவுக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. புதிதாக வரைந்தேன், சிவப்பு மை இல்லாமல். கீழே பார்: "வரைந்தது சாலிஹா. பிழை கண்டதும் கட்டியதும் சேதுலட்சுமி." கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதை அவர்கள் ஏற்காவிட்டால் என் கையெழுத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கூடவே ஒரு விண்ணப்பமும் வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கிலிருந்து வாங்கி வரச் சொன்னேன். புராஜெக்டை மட்டும் திரும்பக் காட்டினால் உனக்கு டிப்ளமோ கிடைக்கும். நிரப்பு. உடனே கிழிக்காதே.

ஒரு கேள்வி. ஐப்பசி ஒன்றாம் தேதி வானம் தெளிவாக இருந்தால் சைரன் எப்படி ஊதும்? புயலுக்கு ஆள் அனுப்பி வரச் சொல்வாயா? மூடி இறுக்கமான அரிசி டின் ஒன்று, ஒரு முழம் சைக்கிள் டியூப், கொஞ்சம் மெழுகு எடுத்து வை. டின் மூடியில் டியூப் நுழைகிற அளவு ஓட்டை போடு. மற்றதை...

மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

சாலிஹா

*

தங்கச்சிமடம்
20.10.2007

என் சாலிஹாவுக்கு,

பஸ்ஸில் ஏறியதும் நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும், ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. அதனால் நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன். பதினொரு மணிக்கு நீயும் உம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் வருகிறீர்கள், கடற்கரை முழுக்க ஆம்பளைகள், எல்லார் வாயும் திறந்திருக்கிறது. நீ யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தூக்கி அரிசி டின்னுக்குள் வைத்தாய், மூடினாய், ஓட்டையில் டியூபைச் செருகி மெழுகை அப்பினாய், மறு முனையை வாயில் வைத்தாய், அய்யாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். அய்யா எஞ்சினைப் போட்டார். நீ உறிஞ்சினாய். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய்க் கண் பிதுங்கியது. நான்கூட ஒரு நொடி பயந்துவிட்டேன். பிறகு டின்னுக்குள்ளிருந்து சைரன் ஊதியதே! எஞ்சின் சத்தத்தையும் மீறி ஊதியது. காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. காற்றை இழுத்து ஒரு புயலை வாயாலேயே கொண்டுவந்துவிட்டாய். உம்மா குடைக்குள்ளிருந்து, "போதும்மா, மூச்சு விடு" என்று சொன்னதும் கூட்டமே சிரித்தது.

நீ போன பிறகு கூத்தையா படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "ரெண்டு பேர் பேரு இருக்கே" என்றார். "இருக்கும்" என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பன்னிரண்டு வல்லத்துக்குப் பெட்டி. உன் காக்காவிடம் சொல், கத்தி முடித்ததும் பன்னிரண்டு சென்சார் அனுப்பட்டும்.

எல்லாரும் போன பிறகு சோணைமுத்து மாமா வீட்டு முருகேஸ்வரி அத்தை கடைக்கு வந்தார். கூட்டம் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை, நான் கவனித்தேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எம்புட்டு நேரம் முன்னாடி சொல்லும்?" என்று கேட்டார். "மூணு மணி நேரம், அத்தை" என்றேன். "மூணு மணி நேரமா" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். "அது போதும். மூணு மணி நேரம் இருந்துருந்தா கரைக்கு வந்துருப்பாக" என்றார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பெட்டியை அய்யா வல்லத்திலிருந்து கழற்றமாட்டேன். இரண்டாவது பெட்டி அத்தையின் மகன் போகிற வல்லத்துக்கு.

உன் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கம் காலியாக இருந்தது, அடுத்த பெட்டிக்கு அதில் படம் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் ஃபெயில் போட்டது தப்பு என்று அவர்களே எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு வேறு தாளில் நிரப்புகிறேன். அதுவரை அந்த ஃபெயில் அவர்களிடமே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சைரன் நின்ற பிறகு அந்த இன்ஜினியர் முன்னால் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைத் திறந்து, வெட்டிய கம்பியையும் இரண்டு மாஸ்ஃபெட்டையும் வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. நிமிர்ந்து உன்னைப் பார்த்து, "இதுக்கு வயரிங் பண்ணுனது யாரு?" என்று கேட்டார். அதே கேள்வி, சாலிஹா. அன்றைக்கு மாதிரியே எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். உன் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அப்போது உன் கை எழுந்தது. அதே விரல், ஒரு நொடி கூட யோசிக்காமல் என் நெஞ்சுக்கு நேராக நீண்டு நின்றது. இறக்கவே இல்லை. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு போகிற வரைக்கும் நீ இறக்கவில்லை.

மூன்றரை வருஷமாக அந்த விரலை மறக்க நினைத்தேன். இனி யார் சொன்னாலும் மறக்கமாட்டேன்.

சேது